ஏழு கிலோ மணல்

"நீ என்ன எடை இருப்பே?" என்று என் வீட்டுக்காரர் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டார். தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, என்னைத் தலையிலிருந்து இடுப்புவரை பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் உடம்பைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது. காய்ச்சலில் கிடந்தபோதுகூட "மாத்திரை போட்டியா" என்பதோடு நிறுத்திக்கொண்ட மனுஷன். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுப் போங்கள்.

"அம்பத்திரெண்டு இருக்கும். ஏன்?"

"சும்மாதான்."

இரண்டு வாய் சாப்பிட்ட பிறகு, "செருப்போடயா, செருப்பு இல்லாமயா?" என்றார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். பகல் முழுக்க நாலு சுவருக்குள் கயிற்றோடும் கிரீஸோடும் மேலே போய்க் கீழே வருகிற வேலை. அதனால்தானோ என்னவோ, சுவரில்லாமல் மேலே போக வேண்டும் என்று அவருக்கு ஓர் ஆசை. ஒருவர் மட்டும் உட்காருகிற சின்ன விமானம் ஒன்றைத் தானே வரைந்து, வீட்டுக்குப் பின்னாலிருந்த கார் ஷெட்டில் கட்டிக்கொண்டிருந்தார். கார் எங்களிடம் இருந்ததில்லை. அலுமினியக் குழாய்களை அறுத்து, வளைத்து, போல்ட் போட்டு ஓர் எலும்புக்கூடு எழுந்திருந்தது. எஞ்சின் மட்டும் பாக்கி. முதுகில் மோட்டாரைக் கட்டிக்கொண்டு பாராசூட்டில் பறக்கிற ஓர் ஆளிடமிருந்து அதைப் பழைய சாமான் விலைக்கு வாங்கிவந்தார். தூணில் ஸ்பிரிங் தராசை மாட்டி, எஞ்சினை அதில் கட்டி ஓடவிட்டு, எவ்வளவு இழுக்கிறது என்று பார்த்தார். முள் பாதி வழியில் நின்றுவிட்டது. எண்பத்துநாலு கிலோ ஆளை அந்த எஞ்சின் தூக்காது என்பது அன்று சாயங்காலம் அவருக்குத் தெரிந்தது. அவர் எண்பத்துநாலு கிலோ. அன்று சாப்பாட்டில்தான் என் எடையைக் கேட்டார்.

வேறு எஞ்சின் பார்க்கலாம். இல்லை, தான் இளைக்கலாம். இரண்டும் அவருக்குத் தோன்றவில்லை. லிஃப்டில் 'இத்தனை பேர், இத்தனை கிலோ' என்று தகடு அடித்துவிட்டு, அதற்குமேல் ஏறுகிறவனை இறங்கு என்று சொல்வதுதான் அவர் தொழில். தானே இறங்கிக்கொண்டார், அவ்வளவுதான். ஆனால் அதை ஊரில் சொன்ன விதம் வேறு.

"என் வொய்ஃபுக்காகத்தான் கட்டுறேன். ஒரு சீட்டுதான், அது அவளுக்குத்தான்."

அவரோடு வேலை பார்க்கிறவர்கள் வீடு தேடி வந்து கை கொடுத்தார்கள். பெண்டாட்டிக்கு நகை செய்து போடுகிறவனைப் பார்த்திருக்கிறோம், விமானம் செய்து போடுகிறவனை இப்போதுதான் பார்க்கிறோம் என்றார்கள். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை நான் நேரில் பார்த்தது அப்போதுதான். பூசணிக்காய் நாணத்தோடு வேறு நின்றது.

நான் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. எனக்கு அந்த இருக்கை வேண்டியிருந்தது.

நான் கூடாரமும் தார்ப்பாயும் தைக்கிற கடையில் வேலை செய்கிறவள். கனத்த துணி, கனத்த ஊசி, தலையை நிமிர்த்தினால் மேலதிகாரி. ஊருக்கு வெளியே புல் மைதானத்தில் சின்ன விமானங்கள் வைத்திருக்கிற ஒருவர் இருந்தார், எல்லோரும் அவரை வாத்தியார் என்பார்கள். அவரிடம் என்னைப் பழகக் கொண்டுபோய் விட்டார் என் வீட்டுக்காரர். இரண்டு பேர் உட்காருகிற வண்டியில் வாத்தியார் என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஏறினார். மரங்கள் கீழே போயின. ஸ்டிக்கை என் கையில் கொடுத்துவிட்டுத் தன் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். நான் இடப்பக்கம் சாய்த்தேன், அத்தனை பெரிய பொருள் இடப்பக்கம் சாய்ந்தது. என் பேச்சை யாராவது உடனே கேட்டது அன்றைக்குத்தான். தனியாக, அந்த ஒற்றை இருக்கையில், ஒரு தடவையாவது நான் பறக்க வேண்டும் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன். அதற்காக என்ன கேட்டாலும் கொடுப்பது என்றும் முடிவு செய்தேன். அவர் சதையைக் கேட்பார் என்று தெரியாது.

இறக்கைத் துணி முழுக்க நான்தான் தைத்தேன். கடையிலிருந்து வந்து, முகம் கழுவி, ஷெட்டில் தையல் மெஷினை இழுத்துப் போட்டு உட்காருவேன். ஒவ்வொரு தையலும் இரட்டைத் தையல். அதில் மட்டும் அவர் குறை சொன்னதில்லை. நூல் எவ்வளவு போயிற்று என்று மட்டும் கேட்பார், அதற்கும் எடை உண்டே.

எல்லாம் மாட்டி முடித்ததும் ஒருநாள் பேலன்ஸ் பார்த்தார். இந்த விமானத்தில் ஓட்டுகிறவள் முன்னால் வெட்டவெளியில் உட்காருவாள். இறக்கை தலைக்குமேலே, எஞ்சினும் விசிறியும் முதுகுக்குப் பின்னால். அடியில் ஓர் உருளைக் கட்டையைக் கொடுத்து, என்னை இருக்கையில் உட்காரவைத்தார். வண்டி சீசாப் பலகைபோல ஒருமுறை ஆடி, நேராக நின்றது. ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். குமிழி நடுவில் இருந்தது.

"பார்த்தியா. எஞ்சின் பின்னாடி இழுக்குது, நீ முன்னாடி இழுக்கறே. நீதான் இதுக்கு மூக்கு," என்றார். கல்யாணத்துக்குப் பிறகு என்னைப் பற்றி அவர் சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான். நான் அதை ரொம்ப நாள் வைத்துக்கொண்டிருந்தேன்.

பேலன்ஸ் பார்த்தாயிற்று என்று சுவரில் சாக்பீஸால் பெரிதாக ஒரு சரிக்குறி போட்டார். அதை அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை, அவரும் தொடவில்லை.

சனி அதற்குப் பிறகு பிடித்தது. எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தபோது, பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்குமேல் தலையை நீட்டி, காது செவிடாகிவிடும் என்று கத்தினார். இவர் பெரிய சைலன்சர் ஒன்றைப் பின்னால் மாட்டினார். ஒன்றரைக் கிலோ கூடிற்று. மொத்த எடை ஒரு கிராம்கூட ஏறக்கூடாது என்பது அவர் வைத்திருந்த சட்டம். ஏறியதை எங்கிருந்தாவது கழிக்க வேண்டும். ஒவ்வொரு குழாயாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே வண்டியைச் சுற்றி வந்தார். சுற்றி முடிந்து என் முன்னால் நின்றார்.

"உன்கிட்டதான் இருக்கு," என்றார்.

ஒன்றரைக் கிலோ பெரிதில்லை என்று நானும் நினைத்தேன். ராத்திரிச் சோற்றை நிறுத்தினேன். குறைந்தது. குறைந்ததைப் பார்த்ததும் அவருக்கு ருசி கண்டுவிட்டது. பெட்ரோல் டேங்க் சின்னதாக இருக்கிறது என்று பெரிதாக ஒன்று வைத்தார், அதுவும் எஞ்சினுக்குப் பக்கத்தில், பின்னால். பிறகு வாலுக்குச் சிவப்பு பெயின்ட், இரண்டு கோட்டு. ஒவ்வொன்றுக்கும் நான்தான் வழிவிட்டேன். குழாயை அறுக்க ரம்பம் வேண்டும், மறுபடி கணக்குப் போட வேண்டும். என்னை அறுக்க வாயை அசைத்தால் போதும்.

காலையில் டீகூடக் குடிக்காமல் எடை மெஷினில் ஏற வேண்டும். அவர் குனிந்து முள்ளைப் பார்ப்பார், என் முகத்தைப் பார்க்கமாட்டார். கடையில் யாராவது ஒரு துண்டு ரொட்டி கொடுத்து நான் தின்றிருந்தால், மறுநாள் அந்த மெஷின் கோள் சொல்லிவிடும்.

"நேத்து என்ன தின்னே?"

"ஒண்ணுமில்லையே."

"முந்நூறு கிராம் ஏறியிருக்கு. காத்தைக் குடிச்சியா?"

அதட்டமாட்டார். அதட்டினால்கூடத் தேவலை. லிஃப்டில் ஏதோ பாகம் உரசுகிறது என்றால் எப்படிக் கேட்பாரோ அப்படிக் கேட்பார். மதியத்துக்கு என்று அவரே ஒரு டப்பாவில் வேகவைத்த காயை நிறுத்துப் போட்டுத் தருவார். வண்டிக்கு வாங்கிய நட்டு, போல்ட்டெல்லாம் நிறுத்த அதே தராசில்தான். ஒருமுறை காய்க்கு நடுவில் ஒரு வாஷர் கிடந்தது. அதையும் சேர்த்து நிறுத்திருக்கிறார், அந்த அளவுக்குக் காய் குறைந்துபோயிற்று. நான் அதைச் சொல்லவில்லை, சொன்னால் வாஷரைத் தேடிக்கொண்டிருந்ததாகச் சந்தோஷப்படுவார்.

பக்கத்துத் தெருவில் என் நாத்தனார், அவருடைய அக்கா, இருந்தார். நல்ல கனத்த சரீரம், அதைவிடக் கனத்த வாய். அவ்வப்போது டிபன் கேரியரோடு வந்து நிற்பார்.

"ஏன்டா, அவளை ஊதினா பறந்துடுவா போலிருக்கே. அப்புறம் எதுக்குடா உனக்கு எஞ்சின்?"

"அக்கா, உனக்கு இது புரியாது."

"புரியவேண்டியது இதுல என்ன இருக்கு? சோறு போட வக்கில்லாதவன் வானத்துல விடறானாம் வண்டி," என்று சொல்லி கேரியரை என் கையில் திணிப்பார். அவர் போன பிறகு என் வீட்டுக்காரர் கேரியரை வாங்கி, எனக்கு எதிரில் உட்கார்ந்து, ஒரு பருக்கை விடாமல் சாப்பிடுவார். "வீணாக்கக்கூடாது," என்பார். நான் எழுந்து போகக்கூடாது. பேசிக்கொண்டே சாப்பிடுவது அவர் வழக்கம், கேட்பதற்கு ஆள் வேண்டும்.

பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்று சின்ன வயதில் படித்திருக்கிறேன். எனக்குப் பத்தும் பறந்துவிட்டன. நான் மட்டும் இன்னும் பறக்கவில்லை.

தலைமுடிக்கு வந்தார் ஒருநாள். எனக்கு இடுப்புவரைக்கும் முடி. உடம்பில் இனி எடுக்க ஒன்றும் இல்லை என்று மெஷின் அடம்பிடித்துக்கொண்டிருந்த வாரம் அது. கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்தார். என் தையல் கத்திரிக்கோல்தான்.

"இது விசிறியில மாட்டிக்கிட்டா என்ன ஆகும்னு யோசிச்சியா? உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

விசிறி முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, முடி மாட்டும் என்பது நிஜம்தான். பின்னிச் சுருட்டித் தலைக்கவசத்துக்குள் வைத்துக்கொள்கிறேன் என்றேன், வாத்தியார் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார். சுருட்டினாலும் எடை அதேதான் என்றார். கழுத்தோடு வெட்டினார். வெட்டிய முடியைக் குப்பையில் போடவில்லை, தராசில் வைத்தார். முள் நின்ற இடத்தைப் பார்த்துத் திருப்தியாக ஒரு மூச்சு விட்டார்.

அது எதற்கு என்று அடுத்த வாரம் தெரிந்தது. அவர் பெயரையும், 'வடிவமைத்துக் கட்டியவர்' என்றும் எழுதிய பித்தளைத் தகடு ஒன்று வந்திருந்தது. அதை வாலில் வைத்து நாலு ரிவெட் அடித்தார். அதன் எடை என் முடியின் எடை. அன்றைக்குத்தான் நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பசிக்கு அழுததில்லை. அந்தத் தகட்டுக்கு அழுதேன்.

கடையில் ஒருமுறை மயங்கி மெஷின்மேல் விழுந்தேன். ஊசி உள்ளங்கையில் இறங்கிவிட்டது. கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தால், கட்டைப் பார்த்து அவர் சொன்னது, "நாளைக்கு அவிழ்த்துட்டு மெஷின்ல ஏறு. கட்டு எடை வேற சேர்ந்துக்கும்."

நாற்பத்தைந்துக்கு வந்தேன். அதற்குக் கீழே முள் போகவில்லை. அப்போதும் அவர் விடவில்லை, ஆனால் இந்தத் தடவை டிரில்லை எடுத்துக்கொண்டு இருக்கைக்குப் போனார். இருக்கையைத் தாங்கிக்கொண்டிருந்த இரண்டு குழாய்களிலும் வரிசையாக ஓட்டை போட ஆரம்பித்தார். அலுமினியச் சீவல் சுருள் சுருளாகத் தரையில் விழுந்தது. நான் கூட்டிக்கொண்டிருந்தேன்.

"இதைப் போய் ஏன் ஓட்டை போடறீங்க? நான் உட்கார்ற இடம்."

"நீ இளைச்சிட்டே, அப்ப குழாயும் இளைக்கலாம். காத்துல வண்டி ஒரு குலுக்கு குலுக்கினா உன் எடை மூணு மடங்கு ஆகும். அந்த மூணு மடங்கைத் தாங்கும். அதுக்குமேல எதுக்கு சும்மா?"

"வேற யாராவது உட்கார்ந்தா?"

"வேற யாரு உட்காருவாங்க?" பிறகு கொஞ்சம் சிரித்தார். "நான் தொப்புன்னு உட்கார்ந்தா ஒடிஞ்சிடும். அவ்வளவு கரெக்டா வச்சிருக்கேன்."

பெருமையாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு, கையிலிருந்த டிரில்லைக் கீழே வைக்காமல், அந்த இருக்கையையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அப்போது அவர்மேல் ஒரு நொடி இரக்கம் வந்தது. உடனே போய்விட்டது. வயிற்றில் ஒன்றும் இல்லாதவளிடம் இரக்கம் எவ்வளவு நேரம் தங்கும்.

பறக்கவிடுகிற நாளுக்கு ஊரையே கூப்பிட்டிருந்தார். லிஃப்ட் கம்பெனி ஆட்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். நாத்தனார் பெரிய பாத்திரம் நிறையச் சோறும் குழம்பும் முட்டையும் கொண்டுவந்திருந்தார். புல் மைதானத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லோரும் விமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் இஸ்திரி போட்ட சட்டையில் அதன் பக்கத்தில் நின்றுகொண்டு, தகட்டைக் கைக்குட்டையால் துடைத்தார்.

நான் ஏறி உட்கார்ந்தேன். பெல்ட்டை இழுத்துக் கட்டினேன். பின்னால் யாரோ டேங்கில் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். டேங்க் நிறைய நிறைய, என் கால் மெதுவாக மேலே எழுந்தது. முன்சக்கரம் தரையைவிட்டுக் கிளம்பியது. பிறகு வண்டி பின்பக்கமாகச் சாய்ந்து வாலில் உட்கார்ந்தது. நான் வானத்தைப் பார்த்து மல்லாக்க இருந்தேன். பித்தளைத் தகடு புல்லில் புதைந்திருந்தது.

யாரோ குழந்தை சிரித்தது. பெரியவர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வாத்தியார் வந்தார். வாலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "பேலன்ஸ் பார்த்தீங்களா?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டார்.

"பார்த்தேனே. ரசமட்டம் வச்சுப் பார்த்தேன். கரெக்டா இருந்துச்சு."

"எப்ப?"

அவர் தகட்டில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்தார்.

"அப்ப இவங்க என்ன எடை?"

"அம்பத்திரெண்டு," என்றேன் நான், மல்லாந்தபடியே.

"இப்ப?"

"நாப்பத்தஞ்சு."

வாத்தியார் என்னைப் பார்த்தார், சைலன்சரைப் பார்த்தார், டேங்கைப் பார்த்தார். "பின்னாடி ஏத்தியிருக்கீங்க. முன்னாடி குறைச்சிருக்கீங்க. மொத்தம் மாறலைன்னா போதுமா, எது எங்க இருக்குன்னு பார்க்க வேண்டாமா? இப்படியே கிளம்பியிருந்தா மூக்கு மேல போய், அப்படியே தலைகுப்புற வந்திருக்கும். இவங்களை அள்ளித்தான் எடுத்துட்டுப் போயிருக்கணும்."

எல்லோரும் என் வீட்டுக்காரரைப் பார்த்தார்கள். ஒரு கிராம் விடாமல் கணக்குப் பார்த்த மனிதர், ஒரு வருஷமாகத் தராசும் கையுமாக அலைந்தவர், அந்தச் சாக்பீஸ் சரிக்குறியை மட்டும் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் முகம் வெளுத்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர் கூடத்தைச் சொல்லவில்லை, என்னைச் சொன்னார்.

"நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன், ஒழுங்கா சாப்பிடுன்னு," என்றார் கூட்டத்தைப் பார்த்து. "கேட்டாத்தானே? இளைக்கணும், அழகா இருக்கணும். முடியைக்கூட ஸ்டைலா வெட்டிக்கிட்டா. பொம்பளைங்க ஆசையை நாம என்ன பண்றது?"

லிஃப்ட் கம்பெனி ஆட்கள் சிரித்தார்கள். அவர்கள் பெண்டாட்டிகளும் சிரித்தார்கள். எனக்குக் காதுவரைக்கும் சூடேறியது. நான் நாத்தனாரைப் பார்த்தேன். அவருக்கு எல்லாம் தெரியும், கேரியர் கேரியராகத் தெரியும். வாயைத் திறந்தார். தம்பியின் முகத்தைப் பார்த்தார். மூடிக்கொண்டார். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அது தம்பிக்கு ஆடியது. என் சதைக்கு ஆட ஆள் இல்லை, சதையும் இல்லை.

வாத்தியார் தரையில் குந்திக் கணக்குப் போட்டார். "முன்னாடி ஏழு கிலோ வைக்கணும்," என்றார்.

மைதானத்து ஓரத்தில் மணல் கொட்டிக் கிடந்தது. என் வீட்டுக்காரரே போய் ஒரு சாக்குப்பையில் அள்ளி, நிறுத்து, தூக்கிக்கொண்டு வந்தார். என் காலடியில் குழாயோடு சேர்த்து நாடாவால் இறுக்கிக் கட்டினார். கட்டும்போது என்னைப் பார்க்கவில்லை. என்னிடமிருந்து ஒரு வருஷமாகப் பிடுங்கிய அத்தனையையும், என் சோற்றை, என் முடியை, என் மாதவிலக்குகூட நின்றுபோன அந்த உடம்பை, ஈர மணலாகத் திருப்பிக் கொண்டுவந்து என் காலில் கட்டினார்.

"இவ்வளவு எடையைத் தூக்குமா?" என்று வாத்தியாரைக் கேட்டேன்.

"ஏழு கிலோ ஒரு எடையா? இவ்வளவு நீள மைதானம் இருக்கு, காலைக் காத்து இருக்கு. இன்னும் அஞ்சு கிலோ வச்சாக்கூடத் தூக்கும்."

அவர் சாதாரணமாகச் சொன்னார். நான் இளைத்திருக்கவே வேண்டியதில்லை என்பது எனக்கு அப்படித்தான் தெரிந்தது. என் வீட்டுக்காரர் நாடாவின் நுனியை வெட்டிக்கொண்டிருந்தார். கேட்காதவர்போல இருந்தார்.

நான் இறங்கிப் போயிருக்கலாம். போகவில்லை. அவர்மேல் இருந்த கோபத்துக்காக என் வானத்தை விடுவதா?

எஞ்சினைக் கிளப்பினார்கள். வாத்தியார் சொல்லிக்கொடுத்தபடி முதலில் புல்லில் இரண்டுமுறை ஓட்டிப் பார்த்தேன். வண்டி நேராக இருந்தது. மூன்றாவது தடவை எஞ்சின் வேகத்தைக் கூட்டுகிற கைப்பிடியை முழுக்கத் தள்ளினேன். சக்கரத்தின் தடதடப்பு சட்டென்று நின்றது. அவ்வளவுதான், நான் மேலே இருந்தேன். முன்னால் கண்ணாடி இல்லை, சுவர் இல்லை, என் முழங்காலுக்கு அப்பால் ஒன்றுமே இல்லை. தலைக்குமேல் நான் தைத்த துணி காற்றில் விறைத்து நின்றது, தையல் ஒன்றுகூட அசையவில்லை. இடப்பக்கம் சாய்த்தேன். சாய்ந்தது. மைதானத்தைச் சுற்றி வந்தேன். கீழே ஆட்கள் எல்லோரும் ஒரே அளவில் இருந்தார்கள், அதில் இஸ்திரிச் சட்டை எது என்று தேடக்கூட எனக்குத் தோன்றவில்லை. நான் சத்தம் போட்டுச் சிரித்தேன். எனக்குப் பசிக்கவில்லை. ஒரு வருஷத்தில் முதல் தடவையாக எனக்குப் பசிக்கவே இல்லை.

இறக்கியபோது ஒரு குதி குதித்து நின்றது. எல்லோரும் ஓடி வந்தார்கள். என் வீட்டுக்காரர்தான் முதலில் வந்தார். என்னைத் தாண்டிப் போய் எஞ்சினைத் தொட்டுப் பார்த்தார், வால் கம்பியை இழுத்துப் பார்த்தார். அதற்குள் அவர் கையைப் பிடித்துக் குலுக்க ஆள் சேர்ந்துவிட்டது. நான் பெல்ட்டை அவிழ்த்து, மணல் மூட்டையைத் தாண்டி, நானாகவே இறங்கினேன்.

"நாளையிலிருந்து நல்லா சாப்பிடு," என்றார் என் காதோரம். "ஏழு கிலோ ஏறணும். அந்த மூட்டை பார்க்க அசிங்கமா இருக்கு."

அப்போதுதான் அந்த லிஃப்ட் கம்பெனி ஆட்களில் ஒருவர், "கட்டினவர் உட்காராம எப்படி? சார், நீங்க ஒரு தடவை உட்காருங்க, ஒரு போட்டோ எடுத்துக்கலாம்," என்றார். மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். அண்ணே உட்காருங்க, சார் உட்காருங்க. நாத்தனார் போனைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"வேண்டாம், வேண்டாம். அது அவளுக்குக் கட்டினது," என்றார் இவர்.

அது அவர்களுக்கு இன்னும் பிடித்துவிட்டது. என்ன மனசு, என்ன மனசு என்று இரண்டு பேர் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே போனார்கள். எண்பத்துநாலு கிலோ, இந்த எஞ்சின் என்னைத் தூக்காது, அதனால்தான் இவளைப் போட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், விட்டிருப்பார்கள். அந்த வார்த்தை அவர் வாயில் வரவில்லை.

அதோடு, அவருக்கு ஆசையும் இருந்தது. நான் பார்த்தேன். அந்த இருக்கையின் விளிம்பை விரலால் ஒருமுறை தடவினார்.

இரண்டு கையாலும் தலைக்குமேலிருந்த குழாயைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, பாதி எடையைக் கையில் வைத்துக்கொண்டு, மெள்ள மெள்ள இறங்கி இருக்கையில் அமர்ந்தார். அமர்ந்ததாகக் காட்டினார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டார். அது வயதான குழந்தையின் சிரிப்பாக இருந்தது.

"டேய், என்னடா பஸ்ல தொங்கற மாதிரி தொங்கறே?" என்றார் நாத்தனார் போனைப் பார்த்தபடி. "கையை விட்டுட்டு டாடா காட்டுடா. போட்டோ நல்லா விழும்."

அவர் என்னைப் பார்த்தார். கூட்டத்தில் என்னை மட்டும். இருக்கைக் குழாயில் எத்தனை ஓட்டை என்று அவரையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாது. ஏதாவது சொல்லி என்னை இறக்கிவிடு என்று அந்தக் கண் கேட்டது. எத்தனையோ சொல்லியிருக்கலாம். எஞ்சின் சூடாக இருக்கிறது, சட்டை அழுக்காகிவிடும், சாப்பாடு ஆறுகிறது. ஒன்றைச் சொல்ல வாயெடுத்தேன். அந்த விமானத்தை நினைத்துத்தான், அவரை நினைத்து இல்லை. அதில் என் கண்ணும் விரலும் ஒரு வருஷமும் இருந்தன. இன்றைக்கு ஒரே ஒரு சுற்றுதான் வந்திருக்கிறேன். நாளைக்கும் நாளன்றைக்கும் வரலாம், ஏழு கிலோ ஏறியபிறகு, அவர் சொல்கிற அளவில், அவர் நிறுத்துப் போடுகிற சோற்றைத் தின்று.

"அதான் உங்க அக்கா சொல்றாங்களே," என்றேன். "கையை விடுங்க."

அவர் கையை விட்டார்.

சத்தம் பெரிதாக இல்லை. குழாய் ஓட்டை ஓட்டையாகக் கிழிந்து மடங்கியது, இருக்கையோடு அவர் தரைக்குப் போனார். முன்பக்கம் மடிந்ததும் மேலே இறக்கையைத் தாங்கிய கம்பி ஒன்று அறுந்தது. இறக்கை ஒருபக்கமாகச் சரிந்து, நுனி புல்லில் குத்தி, துணி நீளமாகக் கிழிந்தது. தையல் விடவில்லை. துணிதான் கிழிந்தது. அவர் சாக்கு மூட்டையைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தார், மூட்டை வெடித்து இஸ்திரிச் சட்டையெல்லாம் மணல். கை ஒரு பக்கம் மட்டும் இன்னும் டாடா காட்டுவதுபோல மேலே இருந்தது. அடி எதுவும் படவில்லை. முதலில் யாரோ கெக்கலித்தார்கள். பிறகு அடக்க முடியாமல் எல்லோரும் சிரித்தார்கள். அவருக்குக் கீழே வேலை பார்க்கிறவர்கள்தான் அதிகமாகச் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. கிழிந்த துணியைப் போய் எடுத்து, இரண்டு விளிம்பையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தேன். சேராது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பெற்ற பிள்ளையை இப்படிச் செய்வேனா என்று நினைத்தேன். செய்துவிட்டேன். திரும்பவும் கேட்டால் திரும்பவும் கையை விடுங்கள் என்றுதான் சொல்வேன்.

பிறகு நாற்காலிப் பக்கம் போனேன். நாத்தனாரின் பாத்திரத்தைத் திறந்தேன், சூடு ஆறவில்லை. தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, அவருக்கு நேரெதிரே புல்லில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அவரை இன்னும் யாரும் தூக்கிவிடவில்லை. குழாய்களுக்கு நடுவிலிருந்து என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன், முட்டை இரண்டையும் சாப்பிட்டேன். எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. நான் எழுந்துபோய் இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டு வந்தேன்.